முதியோர் இல்லத்தில் மாதாமாதம் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள்: எப்படித் தொடங்குவது?

காவிரிக்கரை_வயலின் (கேள்வி)

வணக்கம். கும்பகோணத்தில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். கோயில் உற்சவம், கல்யாணம், சின்ன சபாக்கள் என்று பக்கவாத்தியம் வாசிக்கவும் போவதுண்டு.

ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. ஓர் அறக்கட்டளை கட்டணம் வாங்காமல் நடத்துகிறது. நாற்பது பேர் அளவில் இருக்கிறார்கள், பெண்கள்தான் அதிகம். முக்கால்வாசிப் பேர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் வயல்வேலை பார்த்தவர்கள். ஐந்தாறு பேருக்கு மறதி நோய். பத்துப் பேருக்கு மேல் படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள். இந்தப் பொங்கலுக்கு அங்கே ஒரு மணி நேரம் வாசித்தேன். அப்புறம் மேலாளர் அம்மா கூப்பிட்டு, மாதாமாதம் வந்து வாசிக்க முடியுமா என்று கேட்டார். எனக்கும் ரொம்ப ஆசை. ஆனால் பொங்கல் அன்று வாசித்த மாதிரியே ஒவ்வொரு மாதமும் வாசிப்பது அவர்களுக்குச் சரியாக இருக்குமா என்பதுதான் யோசனை.

அன்று கூடத்தில் சின்ன மேடை, மைக், இரண்டு பெரிய ஸ்பீக்கர். வர்ணத்தில் தொடங்கி நாலைந்து கீர்த்தனை வாசித்தோம். எல்லாரும் மரியாதையாக உட்கார்ந்து கேட்டார்கள், கை தட்டினார்கள். முன்வரிசையில் நீலச் சேலை கட்டிய ஒரு பாட்டி ஆரம்பத்திலிருந்தே முந்தானையை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். மங்களத்துக்கு முன்னால் நீலாம்பரி ராகத்தில் ஒரு தாலாட்டு வாசித்தேன். ரொம்ப எளிமையான மெட்டு. அவர் விரல் நின்றது, உதடு அசைந்தது. ஸ்பீக்கர் சத்தத்தில் அவர் என்ன பாடினார் என்று எனக்குக் கேட்கவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதெல்லாம். என்ன வாசிப்பது, எவ்வளவு நேரம்? மைக் வேண்டுமா? படுக்கையில் இருப்பவர்களுக்கு என்ன செய்வது? யாராவது அழுதால் நிறுத்திவிட வேண்டுமா? மாணவர்களை அழைத்துப் போகலாமா? அப்புறம் பண விஷயம். ஆட்டோ செலவு கொடுத்துப் பொன்னாடை போர்த்துவதாக அறக்கட்டளையில் சொல்கிறார்கள். எனக்குப் பரவாயில்லை. என்னோடு வாசிக்கும் மிருதங்கக்காரருக்கு இதுதான் பிழைப்பு, அவரைச் சும்மா வரச் சொல்ல மனசு வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


நொய்யல்_குழல்

வணக்கம் அம்மா. கோவையில் புல்லாங்குழல் வாசிக்கிறேன். ஓய்வுபெற்றவர்கள் வீடு வாங்கிக் குடியிருக்கும் பெரிய வளாகங்கள் எங்கள் பக்கம் நிறைய. நீங்கள் சொல்கிற மாதிரி அறக்கட்டளை இல்லங்களும் உண்டு. இரண்டிலும் பல வருஷமாக வாசித்து வருகிறேன். வளாகங்களில் இருப்பவர்கள் கச்சேரிதான் கேட்பார்கள், ராகம் பேர் சொல்லிச் சீட்டும் அனுப்புவார்கள். உங்களுக்கு அமைந்திருப்பது வேறு இடம், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் மேடையும் ஸ்பீக்கரும் வேண்டாம். நாற்பது பேரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்காமல் பன்னிரண்டு, பதினைந்து பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். அரைவட்டமாக நாற்காலி. நீங்கள் தரையில் உட்கார்ந்து வாசித்தால் நாற்காலியில் இருப்பவருக்கு உங்கள் உச்சந்தலைதான் தெரியும். கழுத்தைக் குனிய முடியாதவர்களுக்கு அதுவும் தெரியாது. உயரமான மரப்பெஞ்சு ஒன்று கேட்டு வாங்கி, அதன் மேல் சம்மணம் போட்டு உட்காருங்கள். முகத்துக்கு முகம் நேராக வந்துவிடும். உங்கள் வில் போவதையும் விரல் அசைவதையும் அவர்கள் பார்க்க வேண்டும். காது பாதி கேட்காதவர்கள் கண்ணால்தான் மீதியைக் கேட்கிறார்கள்.

காதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாசிக்கிறவர்கள் பலர் இதை யோசிப்பதில்லை. வயதாகும்போது முதலில் போவது மேல் சுருதி ஒலிகள். மெதுவாக வாசித்தால் கேட்காது, கொஞ்சம் ஓங்கி வாசித்தால் சட்டென்று காதைக் குத்தும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி குறுகிப்போகிறது. அதனால்தான் பெரிய ஸ்பீக்கர் அவர்களுக்குத் தொல்லை. வயலினில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு, கீழ் இரண்டு தந்தி. மந்தர (கீழ்) ஸ்தாயியும் மத்திய (நடு) ஸ்தாயியும் போதும், தார (மேல்) ஸ்தாயிக்கு அவசியம் இல்லாமல் போக வேண்டாம். நான் குழலிலேயே நீளமான, கனத்த குழலாகத்தான் கொண்டு போகிறேன். காது மிஷின் போட்டவர்கள் இருந்தால் இன்னொன்று. அந்தக் கருவி பேச்சுக்காக அமைத்தது. நீண்டு நிற்கிற ஒற்றைச் சுரத்தைத் தன்னுடைய கீச்சொலி என்று நினைத்து அடக்கப் பார்க்கும், நடுக்கமாகக் கேட்கும். குழலுக்கு இது அடிக்கடி நடக்கும், வயலினுக்கும் நடக்கலாம். முகம் சுளித்தால் வாசிப்பு பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அருகில் போய்க் கேளுங்கள். சில மிஷினில் இசைக்கென்று தனி அமைப்பு உண்டு, வீட்டுக்காரர்கள் யாராவது வந்தால் மாற்றித் தரச் சொல்லலாம்.

அடுத்து சுருதி. ஐந்து கட்டை சுருதியில் பாடிய பெண்மணி எழுபத்தைந்து வயதில் நாலு, மூன்று என்று இறங்கிவிடுவார். நீங்கள் உங்களுக்குப் பழகின சுருதியில் தொடங்கினால் கூடப் பாட ஆசையோடு வாயைத் திறந்தவர் எட்டாமல் மூடிக்கொள்வார். முதலில் அவரைப் பாட விடுங்கள், எங்கே எடுக்கிறாரோ அங்கே தந்தியை இறக்குங்கள். நடையும் அப்படித்தான். அவர் மூச்சு எவ்வளவோ அவ்வளவுதான் காலப்பிரமாணம்.

என்ன வாசிப்பது என்பதற்கு வருஷத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று எண்பது வயது என்றால் 1940களின் நடுவில் பிறந்தவர். பதினைந்து வயதிலிருந்து இருபத்தைந்து வரை கேட்ட பாட்டுதான் ஒருவர் மனசில் ஆழமாகத் தங்குகிறது. அப்படியானால் 1960லிருந்து 1970 வரை. அந்த நாளில் ஊர்ப்பக்கம் பாட்டு கேட்ட வழி டூரிங் டாக்கீஸும் டீக்கடையில் பாடிய இலங்கை வானொலியும்தான். டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடியதை அவர்கள் ஒரு வரி விடாமல் சொல்வார்கள். இஸ்லாமியப் பெரியவர்கள் இருந்தால் நாகூர் ஹனிஃபா பாடினதைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர்கள் இருந்தால் எந்தக் கோயில், எந்தத் திருவிழா என்று கேட்டால் பாட்டு தானாக வரும்.

ஆனால் உங்கள் இல்லத்தில் வயல்வேலை பார்த்த பெண்கள் என்கிறீர்களே, அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது வேறு எங்கேயும் கிடைக்காது. நடவுப்பாட்டு, கும்மி, தாலாட்டு எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. அது எங்கும் சுரப்படுத்தி எழுதி வைத்தது இல்லை. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. ஒரு பாட்டி முதல் அடி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் இரண்டாவது அடி சொல்வார், மூன்றாவது ஆள் குலவை போடுவார். நீங்கள் சுருதியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் போதும். கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் போகிறவர்தானே நீங்கள், அங்கேயும் அதே வேலைதான். அந்தப் பாட்டிகள்தான் முன்னால் பாடுகிறவர்கள் என்று மனசில் வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் சரியாக வரும்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது காத்திருப்பது. இங்கே ஓர் இல்லத்தில் ஒரு பாட்டி பாட்டின் முதல் இரண்டு அடியைப் பாடிவிட்டு நின்றுவிடுவார். அடுத்த அடி வராது. சுற்றி இருக்கிறவர்கள் எடுத்துக்கொடுக்கப் பார்ப்பார்கள், அவர் எரிச்சலோடு கையை ஆட்டித் தடுப்பார். நான் பஞ்சமத்தை மட்டும் மெல்ல ஊதிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, சில நாள் பத்து மூச்சுகூட ஆகும். அப்புறம் அந்த அடி வரும், அவரே நிமிர்ந்து உட்காருவார். வராத நாளும் உண்டு. அன்றைக்கு முதல் அடியையே திரும்ப வாசிப்பேன், அதையும் விருப்பமாகப் பாடுவார்.

அப்புறம் அதே இல்லத்தில் ஒரு தாத்தா. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர், மில் இரைச்சலிலேயே காது போய்விட்டது. குழல் அவருக்குச் சுத்தமாகக் கேட்காது. எங்கள் மிருதங்கக்காரர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் உள்ளங்கையை எடுத்து மிருதங்கத்தின் மரக்கட்டையில் வைத்துக்கொள்ளச் செய்தார். தொப்பி என்கிற இடப்பக்கத் தோலில் ஒரு தட்டு விழுந்ததும் அவர் கண் விரிந்தது. இரண்டு தாளச் சுற்றுக்குள் மற்றொரு கையால் தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்துவிட்டார். எங்கே கற்றார் என்று கேட்டால், ஊரில் பஜனைக் கோஷ்டியில் இருந்தாராம். அதனால் உங்கள் மிருதங்கக்காரரைக் கண்டிப்பாக அழைத்துப் போங்கள்.

பண விஷயத்தில் என் கருத்து தெளிவானது. கொடுக்க வேண்டும். நீங்கள் வயலின் வாசிப்பவர், யெஹுதி மெனுஹின் பெயர் தெரிந்திருக்கும். அவரும் இயன் ஸ்டட்ஸ்கர் என்பவரும் சேர்ந்து 1977ல் இங்கிலாந்தில் 'லைவ் மியூசிக் நவ்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இளம் கலைஞர்களைத் தேர்வு வைத்து எடுத்து, பயிற்சி கொடுத்து, முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் அனுப்புகிறார்கள். வாசிப்பவர்களுக்குச் சம்பளம் உண்டு. இது இன்றும் நடக்கிறது. இலவசமாக வருகிற கலைஞர் நாலு மாதம் வருவார், முகூர்த்த நாளில் வேறு அழைப்பு வந்தால் வரமாட்டார், அதில் குற்றம் சொல்லவும் முடியாது. கூலி பேசினால் தேதி தவறாது. அந்த முதியவர்களுக்கு வேண்டியதும் அந்தத் தவறாத தேதிதான்.

அறக்கட்டளைக்காரர்கள் நிதி இல்லை என்றால் ஒரு வழி உண்டு. 2013 கம்பெனிச் சட்டத்தில் நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டிய பட்டியலில் முதியோர் இல்லங்களும் மூத்த குடிமக்களுக்கான வசதிகளும் வருகின்றன. அறக்கட்டளைக்கு வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவும், இந்தச் சமூகப் பொறுப்பு நிதி வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் இருந்தால் பக்கத்தில் உள்ள எந்த நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்கலாம். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை இரண்டு கலைஞர்கள் என்று கணக்குப் போட்டுக் கொடுங்கள். மைக் செட், பந்தல் வாடகை இல்லாததால் தொகை பெரிதாக வராது.


பொருளாளர்_நெல்லை

நல்ல விவாதம். நானும் ஓர் இல்லத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். ஒரு சந்தேகம், தவறாக நினைக்க வேண்டாம். நாங்கள் நல்ல புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, காலையில் பக்திப் பாடல், மாலையில் பழைய சினிமாப் பாடல் போடுகிறோம். பாடியவர்களின் அசல் குரலிலேயே கேட்கிறார்கள். அதைவிட நேரில் வாசிப்பதால் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது? குழுவில் செலவுக்கு அனுமதி கேட்டால் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.


ஸ்டாஃப்_நர்ஸ்_மதுரை

சார், நான் மதுரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். ஸ்பீக்கரை நிறுத்தாதீர்கள். விடியற்காலையில் தூக்கம் வராமல் கிடப்பவர்களுக்கு அது பெரிய துணை. ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒருவர் பதறினால் பாட்டு நிற்காது, ஒருவர் அடியை விட்டால் திரும்பி வராது. நேரில் பாடுகிறவர் அந்த ஆளைப் பார்த்துப் பாடுகிறார். எங்கள் இல்லத்தில் நாள் முழுக்க ஒருவரைத் தொடுகிறோம் என்றால் மருந்து கொடுக்க, துடைக்க, புரட்டிப் படுக்க வைக்க. ஒரு வேலையும் இல்லாமல் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அவருக்காகவே ஏதோ செய்வது என்பது இந்த நேரம் மட்டும்தான். இதை உங்கள் குழுவில் சொல்லுங்கள். எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றால் உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட அறிக்கை இருக்கிறது. கலைகளுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அதில் தொகுத்திருக்கிறார்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கு இசை உதவுவதும் அதில் வருகிறது.

இப்போது காவிரிக்கரை மேடத்துக்கு. நேரம் ரொம்ப முக்கியம். காலைப் பலகாரம், மாத்திரை, குளியல், படுக்கைத் துணி மாற்றுவது எல்லாம் முடிந்து பத்தரை மணிக்குத்தான் நாங்களும் அவர்களும் மூச்சு விடுவோம். பத்தரையிலிருந்து பதினொன்றேகால் நல்ல நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவிடுவார்கள். சாயங்காலம் வேண்டாம் என்பேன். பொழுது சாயும்போது மறதி நோய் உள்ளவர்களுக்குப் பதற்றம் கூடும், வீட்டுக்குப் போக வேண்டும், மாட்டைக் கட்ட வேண்டும் என்று எழுந்து நடப்பார்கள். அந்த நேரத்துக்குப் புது ஆள், புதுச் சத்தம் எதுவும் ஒத்துவராது. அவர்களோடு நன்றாகப் பழகின பிறகு தாலாட்டு மட்டும் பாடிப் பார்க்கலாம்.

முகத்தைப் பார்த்து வாசியுங்கள் என்று நொய்யல் சார் சொன்னார். நான் கையையும் காலையும் பார்க்கச் சொல்வேன். முகத்தில் ஒன்றுமே தெரியாத நோயாளிகள் உண்டு, பார்கின்சன்ஸ் என்கிற நடுக்குவாதம் உள்ளவர்கள் முக்கியமாக. அவர்கள் ரசிப்பது கால் கட்டைவிரலில் தெரியும். போர்வையைப் பிடித்து இழுப்பது, நாற்காலிக் கையைத் தட்டித் தட்டி அடிப்பது, கண்ணை இறுக்கி மூடுவது எல்லாம் போதும் என்பதற்கு அடையாளம். அப்போது சத்தத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் அவரை மட்டும் மெதுவாக வெளியே அழைத்துப் போக ஆள் வேண்டும். இதற்காகவே, நீங்கள் வாசிக்கும் நேரம் முழுக்க ஒரு பணியாளர் கூடத்திலேயே இருக்க வேண்டும் என்று மேலாளரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். பாட்டுக்காரர் வந்துவிட்டார், நாம் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம் என்று எல்லாரும் உள்ளே போய்விடுகிற இடங்கள் உண்டு.

அழுகையைப் பற்றிக் கேட்டீர்கள். அழுதால் பயப்படாதீர்கள். வாசிப்பைச் சட்டென்று நிறுத்தினால் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள், அதுதான் அவருக்குக் கூச்சமாக இருக்கும். வாசித்துக்கொண்டே நடையைத் தணியுங்கள், பணியாளர் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். முடிந்ததும் நீங்கள் போய் உட்கார்ந்து, யார் ஞாபகம் வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்ல ஆசைப்படுவார்கள். ஒப்பாரி பாடச் சொல்லி நீங்களாகக் கேட்க வேண்டாம். யாராவது தானாக எடுத்தால் முழுக்கக் கேட்டு முடியுங்கள், நடுவில் பேச்சை மாற்றாதீர்கள். ஆனால் போவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். போன வாரம் பக்கத்துக் கட்டிலில் யாராவது தவறியிருப்பார்கள், யாருக்காவது மகன் வருவதாகச் சொல்லி வராமல் போயிருப்பார். அந்த நீலச் சேலைப் பாட்டியைப் பற்றியும் கேளுங்கள். சொந்தக்காரர் யாராவது பார்க்க வந்தால் அவர் சின்ன வயதில் என்ன பாடுவார் என்று தெரிந்துவிடும்.

படுக்கையில் இருப்பவர்களுக்கு அறைக்கே போங்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பாட்டு போதும். முதலில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, நான் வயலின் வாசிக்க வந்திருக்கிறேன், வாசிக்கட்டுமா பாட்டி என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அவர் நாளில் அவர் வேண்டாம் என்று சொல்லி நடக்கிற விஷயம் வேறு அதிகம் இல்லை. கால்மாட்டில் நிற்காமல் தலைமாட்டுக்குப் பக்கவாட்டில் இருந்து வாசியுங்கள். பேச்சே இல்லாமல், கண் மூடியே கிடப்பவருக்கும் இதே மரியாதைதான். அவர்களுக்கு வாசிக்கும்போது மூச்சைக் கவனித்தால் தணிவது தெரியும்.

சின்னச் சின்ன விஷயம் சில. மைக் வயர், நீட்டிப்புப் பெட்டி எதுவும் தரையில் ஓடக் கூடாது, ஒரு தடுக்கலில் இடுப்பெலும்பு போய்விடும். சக்கர நாற்காலி பிரேக் போட்டிருக்கிறதா பாருங்கள், பாட்டு பிடித்துவிட்டால் எழுந்து ஆடப் பார்ப்பார்கள். டிவியை அணைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கோ மாணவர்களுக்கோ சளி, காய்ச்சல் இருந்தால் அன்று வர வேண்டாம். போட்டோ, வீடியோ விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்று புரியாத ஒருவரை எடுத்து யூடியூபில் போடுவது சரியே இல்லை, வீட்டுக்காரர்கள் சம்மதம் கொடுத்தாலும்.


ஸ்காபரோ_மகள்

அக்கா, நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். யாழ்ப்பாணம்தான் ஊர். என் அம்மா இங்கே ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறா. கனகாலம் இங்கே ஆங்கிலத்தில் வேலை செய்தவ. மறதி நோய் வந்த பிறகு ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது, இப்போது தமிழ் மட்டும்தான். அந்த மாடியில் தமிழ் கதைக்கிற ஆட்கள் அம்மாவோடு சேர்த்து நாலைந்து பேர். மற்ற எல்லாருக்குமாக கிட்டார், பியானோ வாசிக்க ஆட்கள் வருவார்கள், நல்லாக வாசிப்பார்கள். எங்கட ஆட்கள் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பினம்.

இங்கே ஒவ்வொரு இல்லத்திலும் குடியிருப்பாளர் மன்றம் என்று ஒன்று சட்டப்படி உண்டு. அதில் ஒரு ஐயா எங்களுக்காகக் கேட்டுத் தந்தார். பொலிஸ் சான்று, காசநோய்ப் பரிசோதனை எல்லாம் முடித்துத்தான் எங்கட பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். மிருதங்கம் பழகிற ஒரு பெடியனும் பாட்டுப் படிக்கிற ஒரு பிள்ளையும் வருவார்கள். எங்கட ஊரில் பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடாத சைவப் பிள்ளை இல்லை. பிள்ளை முதல் அடியை எடுத்தவுடனே அந்த மாடியில் இருக்கிற ஆட்கள் ஒரே குரலில் சேர்ந்துவிட்டினம். அதில் யாழ்ப்பாணத்துப் பாஷையூர் அம்மா ஒருவர், கத்தோலிக்கர். அவவுக்கு அந்தோனியார் பாட்டு. பிள்ளை அதைப் பழகிக்கொண்டு அடுத்த முறை வந்து பாடினாள். அன்றைக்கு அந்த அம்மா பிள்ளையின் கையை விடவே இல்லை, சாப்பாட்டு மேசைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டா.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது வேறொன்று. அங்கே வேலை செய்கிற பிலிப்பினோப் பெண் ஒருவர் எங்கட பாட்டுகளில் ஒன்றின் மெட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டா. சொல் ஒன்றும் தெரியாது. அம்மாவைக் குளிக்க வார்க்கும்போது அதை வாய்க்குள்ளே முணுமுணுப்பா. முன்பு குளிக்க மாட்டேன் என்று அடிக்கக் கை ஓங்கின அம்மா இப்போது கையைத் தூக்கித் தருகிறா. நீங்கள் மாதத்தில் ஒரு நாள்தான் போவீர்கள். மற்ற நாட்களில் அங்கே இருப்பது வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு இரண்டு தாலாட்டு, இரண்டு நடவுப்பாட்டு பழக்கிவிட்டுப் போங்கள். உங்கட இல்லத்தில் வேலை செய்கிற பெண்களும் அதே கிராமங்களில் இருந்து வருகிறவர்கள் என்றால் அவர்களுக்கே நிறையத் தெரிந்திருக்கும். பாடலாம் என்று யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.


காவிரிக்கரை_வயலின்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று மேலாளர் அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். இரண்டு குழுவாகப் பிரிக்கச் சம்மதித்தார். சமையல்கட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பழைய மரப்பெஞ்சு கிடக்கிறது, கால் ஆடுகிறது, ஆசாரியை வைத்துச் சரிசெய்து தருகிறேன் என்றார். ஸ்காபரோ சகோதரி சொன்னது அப்படியே உண்மை. அங்கே கூட்டிப் பெருக்குகிற அக்கா ஒருவர் நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எங்க அம்மா நடவுக்குப் பாடினது நாலு பாட்டு எனக்குத் தெரியும், இங்கே பாடலாமா என்று கேட்டார். மேலாளர் அம்மாவுக்கே அது புது விஷயம்.

மிருதங்கக்காரருக்கு ஒவ்வொரு முறையும் கோயில் கச்சேரிக்குக் கொடுக்கிற தொகையில் பாதியாவது தருவதாக அறக்கட்டளைத் தலைவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். மீதிக்கு நிறுவனங்களிடம் எழுதிக் கேட்கலாம் என்று 80ஜி சான்றெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு விஷயம் மட்டும் பாக்கி. மாணவர்கள் பதினைந்து பேர் வரத் துடிக்கிறார்கள், எத்தனை பேரை அழைத்துப் போகலாம்? கிழமை எது வைத்துக்கொள்வது? வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று அறக்கட்டளையில் சொல்கிறார்கள்.


நொய்யல்_குழல்

மாணவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு பேர் போதும் அம்மா. அரங்கேற்றம் மாதிரி ஆளுக்கொரு உருப்படி வாசிக்க வைக்க வேண்டாம். முதல் தடவை அவர்கள் வாத்தியத்தையே எடுக்க வேண்டாம், பாட்டிகள் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு வரிகளை எழுதிக்கொள்ளட்டும். அடுத்த மாதம் அதை வாசித்துக் காட்டட்டும், தப்பாக வாசித்தால் பாட்டிகளே திருத்துவார்கள். கற்றுக்கொடுக்கிற இடத்தில் இருப்பது அவர்களுக்கு எவ்வளவு நாளாயிற்றோ. எழுதி வாங்கிய பாட்டுக்குக் கீழே யார் பாடியது, எந்த ஊர் என்றும் பிள்ளைகள் குறித்துவைக்கட்டும்.


ஸ்டாஃப்_நர்ஸ்_மதுரை

வெள்ளிக்கிழமை வேண்டாம் மேடம். பெண்கள் அதிகம் இருக்கிற இல்லம். செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளாக வைத்திருப்பார்கள், பதினொன்று மணிக்கும் தலை ஈரம் காயாது, குளித்த அசதியில் சாய்ந்துவிடுவார்கள். டாக்டர் வருகிற நாள் எது என்று கேட்டு அதையும் விட்டுவிடுங்கள். புதன் அல்லது வியாழன் வைத்துக்கொண்டு, மாதத்தில் எத்தனையாவது வியாழன் என்று காலண்டரில் பெரிதாக எழுதி கூடத்தில் மாட்டச் சொல்லுங்கள். மிருதங்கக்காரரும் முதல் தடவையிலிருந்தே வரட்டும். ஆள் மாறி மாறி வந்தால் மறதி உள்ளவர்கள் பழக ரொம்ப நாள் ஆகும்.